பஞ்சாலை வளர்ந்த எட்டு வருஷம்

தம்பியின் கருமாதி முடிந்த மறுநாளிலிருந்து பஞ்சாலை வளரத் தொடங்கினாள். அப்போது அவளுக்கு வயது நாற்பத்தொன்று. உயரம் ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு. ரந்தாவ் பட்டணத்திலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையின் கடைசியில் இருக்கிற புக்கிட் பெலாலாங் எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் அவளைவிடக் குட்டையான பெண்பிள்ளை யாரும் கிடையாது. காலையில் பெரட்டில் பேர் கூப்பிடும்போது வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் முருகையா, பஞ்சாலை வந்துட்டாளா இல்ல புல்லுக்குள்ள நிக்கிறாளா என்று கேட்பது பல வருஷத்து வேடிக்கை. முதல் வாரம் சேலை கணுக்காலுக்கு மேலே ஏறியது. துவைத்ததில் சுருங்கிவிட்டது என்று சோப்பைத் திட்டினாள். மூன்றாம் வாரம் ரவிக்கை முதுகில் பிரிந்தது. ஐந்தாம் வாரம், அதுவரை தலைக்கு மேலே தொங்கிய சமையல்கட்டு விளக்கில் நெற்றி இடித்துக்கொண்டது. கிளினிக்கில் நர்ஸாக இருந்த மிஸ்ஸி அவளைச் சுவரோடு நிறுத்தி இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டு, இந்த வயசில் யாரும் வளர மாட்டார்கள் என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினாள். பஞ்சாலை மாத்திரையையும் சாப்பிட்டாள், வளரவும் செய்தாள்.

தம்பி பெயர் ஹேமநாதன். அப்பனும் ஆத்தாளும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு எட்டு வயது, அவளுக்கு இருபது. அவனை வளர்த்து ஆளாக்குகிற வேலையில் கல்யாணம் கட்டிக்கொள்ள அவள் மறந்தே போனாள். அவனுக்கு நெருங்கிய கூட்டாளி, கால்வாய்க்கு அந்தப் பக்கத்து வீட்டு வரிசையான கீழ் லயத்து மகேந்திரன். இரண்டு பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போவார்கள், ஒரே போத்தலில் தண்ணீர் குடிப்பார்கள். மகேந்திரனின் தங்கை திலகாவை ஹேமநாதன் கட்டிக்கொண்டதுகூட, மச்சானை விட்டுப் பிரியாமல் இருக்கத்தான் என்று லயத்தில் கேலி பேசுவார்கள். அந்தத் தோட்டத்தில் தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் கைப்பந்து ஆட்டம் நடக்கும். தோற்ற லயம் ஜெயித்த லயத்துக்கு ஆட்டுக்கறி ஆக்கிப் போட வேண்டும். 2014ஆம் வருஷத்து ஆட்டத்தில் கடைசிப் பந்து சுண்ணாம்புக் கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. உள்ளே என்றான் ஹேமநாதன். வெளியே என்றான் மகேந்திரன். ஆளுக்கு மூன்று டின் பீர் உள்ளே போயிருந்தது. பேச்சு பந்தை விட்டு ஆத்தாளுக்குப் போய், ஆத்தாளிலிருந்து தங்கைக்கு வந்தது. பக்கத்துச் செம்பனை மரத்தில் யாரோ சாத்தி வைத்திருந்த குலை வெட்டும் அரிவாளை மகேந்திரன் எடுத்தான். வீசியது ஒரு தடவைதான். ரந்தாவ் முச்சந்தி தாண்டுவதற்குள் வேனிலேயே ஹேமநாதனின் உயிர் போய்விட்டது. அன்றைக்கு ஆட்டுக்கறியை யாரும் தொடவில்லை.

கருமாதியன்று மகேந்திரனின் தாயார் மயிலம்மாள் கீழ் லயத்திலிருந்து தனியாக நடந்து வந்து, எல்லார் முன்னாலும் பஞ்சாலையின் காலில் விழுந்தாள். அவன் போலீஸ் காவலில் இருந்தான், இவள்தான் வந்தாள். மன்னிச்சிரு தாயீ என்று அவள் தரையோடு கிடந்து அழுதபோது பெரியவர்கள் நாலு பேர், எல்லாம் ஒரே தோட்டத்துப் பிள்ளைகள், விட்டுவிடு என்றார்கள். பஞ்சாலை உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்தாள். நான் விட்டுட்டா என் தம்பிக்குன்னு இந்தத் தோட்டத்துல வேற யாரு நிப்பா என்று கேட்டாள். எழுந்து நின்றவள் அதன் பிறகு நிற்பதை நிறுத்தவே இல்லை, மறுநாளே வளரத் தொடங்கிவிட்டாள் என்றுதான் தோட்டத்தில் சொல்வார்கள்.

எதனால் வளர்கிறாள் என்பது சீக்கிரமே எல்லாருக்கும் புரிந்துபோயிற்று. மகேந்திரனை நினைக்கிற நாளில் வளர்ந்தாள், வேலை மும்முரத்தில் நினைக்காத நாளில் வளர்ச்சி நின்றது. வழக்கில் அது கொலையில்லை, ஆத்திரத்தில் நடந்துவிட்ட மரணம் என்று சொல்லிப் பன்னிரண்டு வருஷம் தீர்ப்பானபோது, கோர்ட்டுக்குப் போகும்போது நுழைந்த வேனில் திரும்பி வரும்போது அவளால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. ஒரு மத்தியானத்தில் இரண்டு அங்குலம். முதல் வருஷக் கடைசியில் ஐந்தடி ஏழு, மூன்றாம் வருஷம் ஆறரை அடி, ஐந்தாம் வருஷம் ஏழடி நாலு அங்குலம். இரண்டு சேலையை ஒட்டுப் போட்டுத்தான் கட்ட முடிந்தது. அந்த ஒட்டுத் தையலை மாதம் தவறாமல் திலகாதான் போட்டுக் கொடுத்தாள். படுக்கிற அறையின் சுவரை இடித்துக் கூடத்தோடு சேர்த்தார்கள். எந்த வாசலானாலும் அவள் இடுப்பை மடித்துத்தான் நுழைந்தாள். சாமி கும்பிடப் போனால் கருவறைக்கு முன்னால் மண்டி போட வேண்டும், இல்லாவிட்டால் அம்மனின் முகம் தெரியாது. பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர் சிரம்பானிலிருந்து வந்தார்கள். படம் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அவர்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தாள்.

அதற்கு முன்பெல்லாம் அவளுடைய வேலை உதிரிப் பழம் பொறுக்குவது. குலையை வெட்டித் தள்ளுகிறவர்கள் முன்னால் போக, அவள் குனிந்து குனிந்து மரத்தடியில் சிதறிய பழத்தைச் சாக்கில் போட்டுக்கொண்டே பின்னால் போவாள். ஆறடியைத் தாண்டிய அன்று முருகையாவிடம் போய் எனக்கும் ஒரு கம்பு கொடு என்றாள். ஒன்பதாம் நம்பர் காட்டில் முப்பது வருஷத்து மரங்கள். நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி ஆண்பிள்ளைகள் எக்கி எக்கிப் பார்த்தும் குலை எட்டாமல், காட்டையே அழித்து மறுநடவு செய்யப்போவதாகக் கம்பெனி முடிவு கட்டி வைத்திருந்தது. பஞ்சாலை அங்கே போய் நின்றாள். கம்பைத் தூக்கினாள். மடார் மடார் என்று குலைகள் விழுந்தன. அவளுடைய கைக்குத் தோதாக இன்னும் நீளமான கம்பு வாங்கிக் கொடுத்தார்கள். இந்தோனேசியாவிலிருந்து வந்த பையன்கள் அவளைக் காக்காக் திங்கி என்று கூப்பிட்டார்கள். உயரமான அக்கா என்று அர்த்தம், மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். அவளை நம்பி மறுநடவு தள்ளிப் போனது, மறுநடவு தள்ளிப் போனதால் பதினெட்டுக் குடும்பம் லயத்தை விட்டுக் கிளம்பாமல் இருந்தது. பஞ்சாலை வாழ்க்கையில் முதல் தடவையாக ஆட்களை மேலிருந்து பார்த்தாள். உள்ளதைச் சொல்வதென்றால், அது அவளுக்குப் பிடித்திருந்தது.

வீட்டில் இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும். ஹேமநாதன் செத்தபோது மகள் ஷாமினிக்கு மூன்று வயது. திலகா தன் தாய் வீட்டுக்குப் போகவில்லை. நடுவில் ஒரு கால்வாயும் ஒரு மரப்பாலமும்தான், இருந்தும் எட்டு வருஷம் அவள் அந்தப் பாலத்தில் கால் வைக்கவில்லை, சிறைக்குப் போய்த் தன் அண்ணனைப் பார்க்கவும் இல்லை. புருஷனுக்காக அழுதால் அண்ணன் ஞாபகம் வந்தது, அண்ணனை நினைத்தால் புருஷன் ஞாபகம் வந்தது, அதனால் எதற்கும் அழாமல் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். பஞ்சாலைக்கு அது தெரியும். ஒரு தடவை ரவிக்கைக்கு அளவெடுக்க முக்காலி மேல் ஏறிய திலகா, மூணு விரல் கூடியிருக்கு அண்ணி என்று மட்டும் சொன்னாள். எதை நினைத்து வளர்ந்தாய் என்று கேட்கவில்லை. பஞ்சாலை தன் பெரிய கையை அவள் தலையில் வைத்தாள். அந்த வீட்டில் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச்சில்லை.

ஆனால் தோட்டம் பேசியது. கோபத்தால் ஏறிய உயரம் கோபம் போனால் இறங்கிவிடும் என்பதில் மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. என்றைக்காவது பஞ்சாலை அவனை மன்னித்தால், ஏறின வேகத்திலேயே இறங்கி மறுபடி ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவாக நிற்பாள் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். பூசாரியும் அதையே சொன்னார், ஆபீசில் கணக்கெழுதும் கிராணியும் அதையே சொன்னார். முருகையா ஒருநாள் தனியாக வந்து தலையைச் சொறிந்தார்.

"இந்தா பாரு பஞ்சாலை, மன்னிக்கிறது நல்லதுதான், நான் வேணாம்னு சொல்லல. ஆனா ஒன்பதாம் நம்பர் காடு முடியற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்க லா."

"நான் மன்னிக்கப் போறேன்னு உங்ககிட்ட யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ஒரு முன்னெச்சரிக்கைக்குத்தான்."

பஞ்சாலை சிரித்தாள், ஆனால் உள்ளுக்குள் பயம் இருந்தது. அவளும் அதை நம்பினாள். மறுபடியும் குட்டையாகி, சாக்கை இழுத்துக்கொண்டு ஆட்களின் முதுகைப் பார்த்து நடக்கிற வாழ்க்கை அவளுக்கு வேண்டாம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தம்பியின் சாம்பலைக் கடலில் கரைத்தாயிற்று. அவன் இருந்தான், அவனை வெட்டினார்கள் என்பதற்கு இந்த உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே சாட்சி தன்னுடைய உயரம் என்று அவள் நினைத்தாள். அவள் இறங்கிவிட்டால் அவனும் அதோடு போய்விடுவான்.

நன்னடத்தைக்காகத் தண்டனையில் நாலு வருஷம் குறைத்து 2022 கடைசியில் மகேந்திரனை வெளியே விட்டார்கள். அவன் தோட்டத்துக்கு வரவில்லை. செண்டாயான் பக்கம் புதிதாக வந்திருக்கும் தொழிற்பேட்டையில் லாரி டயர் மாற்றும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிக்கொண்டான். மயிலம்மாள் வாரம் ஒருதடவை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அவன் வெளியே வந்த வாரம் பஞ்சாலை ஐந்து அங்குலம் வளர்ந்து எட்டடி எட்டு அங்குலத்தைத் தொட்டாள். கூரைத் தகரத்தில் ஒரு பக்கம் ஓட்டை போட வேண்டியதாயிற்று. மழை பெய்தால் அதில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைப்பார்கள்.

அடுத்த மூன்றாம் மாதம், பள்ளி விடுமுறையில், ஷாமினி பெரிய மனுஷியானாள். அந்தத் தோட்டத்தில் பெண் வயசுக்கு வந்தால் முதல் சேதி தாய்மாமனுக்குத்தான் போக வேண்டும். அவன் வந்து தன் கையால் தென்னை ஓலை வெட்டி, வீட்டு வாசலில் பச்சை ஓலைக் குச்சு கட்டித் தர வேண்டும். பெண் பதினாறு நாள் அதற்குள் இருப்பாள். பதினாறாம் நாள் அத்தை உள்ளே போய் அவளைக் கைப்பிடித்து வெளியே கூட்டி வருவாள், மாமன் சீர்ச் சேலையைப் போர்த்துவான், பிறகு குச்சைக் கொளுத்திவிடுவார்கள். அப்பன் இல்லாமல்கூடச் சடங்கு நடக்கும், தாய்மாமன் இல்லாமல் நடக்காது. ஷாமினிக்கு இருக்கிற தாய்மாமன் ஒருவன்தான், அவன் அவளுடைய அப்பனை வெட்டியவன்.

பெரியவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். திலகாவின் சித்தப்பா மகன் ரவிச்சந்திரன் கோலா பிலாவில் லாரி ஓட்டுகிறான், முறைக்கு அவனும் மாமன்தான், வந்து கட்டிவிட்டுப் போகட்டும் என்றார்கள். பஞ்சாலை அது சரி என்றாள். திலகாவின் மிஷின் மட்டும் நின்றுபோயிருந்தது. கூடத்து மூலையில் பாயில் உட்கார்ந்திருந்த ஷாமினிதான் வாயைத் திறந்தாள். அந்தப் பிள்ளைக்குப் பதினோரு வயது. அழவில்லை, பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"அத்தை, அவரு அப்பாவ எடுத்துக்கிட்டாரு. என் மாமாவையும் அவரே எடுத்துக்கிட்டாரா?"

பஞ்சாலை மடிந்து வெளியே வந்து லயத்து வாசலில் நிமிர்ந்து நின்றாள். எட்டு வருஷமாக அவள் ஹேமநாதனுக்காக நின்றாள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஹேமநாதனின் பிள்ளைக்கு என்னென்ன இல்லாமல் போயிற்று என்று அவள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததே இல்லை. கோபம் குறைந்தபாடில்லை. சுருங்கினால் சுருங்கிவிட்டுப் போகிறேன் என்று ஒரு நிமிஷம் தோன்றியது, மறு நிமிஷம் ஐயோ வேண்டாம் என்றிருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு செண்டாயானுக்கு நடந்தாள். வேறு யாருக்கும் மூன்று மணி நேரம் பிடிக்கும் பாதை அது, அவளுக்கு ஒன்றரை மணி நேரம். பட்டப்பகலில் சாலையோரம் ஒட்டுப் போட்ட மஞ்சள் சேலை போவதைப் பார்த்து லாரிகள் ஓரம் கட்டின. மோட்டாரில் வந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் இறங்கி நின்று வழிவிட்டார். அவள் அவருக்குத் தலையாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள்.

மகேந்திரன் ஒரு சக்கரத்தின் நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். நிழல் விழுந்ததும் மேகம் என்று நினைத்து அண்ணாந்து பார்த்தான். கீழ் லயத்தில் கால்சட்டை போட்ட வயசிலிருந்து அவன் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். கோர்ட்டில் அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்க்கவே இல்லை, அவன் கடைசியாகப் பார்த்த அக்கா அவன் தோள் உயரம்தான். இரும்பு கையிலிருந்து விழுந்தது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். அவன் தலை நரைத்திருந்தது, வலது கண்ணோரத்தில் ஒரு தழும்பு. முப்பத்தைந்து வயது ஆள் ஐம்பது மாதிரி இருந்தான். பஞ்சாலை பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே குனிந்து நுழைந்து நின்றாள்.

"திலகா மவ வயசுக்கு வந்துட்டா. மாமனுக்குச் சேதி சொல்ல வந்தேன்."

அவன் கை கிரீஸைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"அக்கா, பந்து உள்ளதான் விழுந்துச்சு."

"என்ன?"

"உள்ளதான் விழுந்துச்சு. நான் பார்த்தேன். தெரிஞ்சேதான் வெளியன்னு சொன்னேன். மச்சான் சொன்னதுதான் சரி. கோர்ட்டுல அத யாரும் கேக்கல, நானும் சொல்லல. எட்டு வருஷமா இத ஒங்ககிட்டதான் சொல்லணும்னு இருந்தேன்."

ஒரு பொய்க்காகவா? சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்கிற ஒரு அற்பப் பொய்க்காகவா என் பிள்ளை போனான்? பஞ்சாலை நின்ற நிலையிலேயே ஓர் அங்குலம் வளர்ந்தாள். தலைக்கு மேல் தகரம் கிறீச்சென்று ஆணியோடு தூக்கிக்கொண்டது. பட்டறைக்காரச் சீனர் வெளியே வந்து கூரையையும் அவளையும் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போய்விட்டார். அவள் மூச்சு அடங்க நேரம் பிடித்தது. அடங்கியபோது ஒன்று புரிந்தது. தம்பி பொய் சொல்லவில்லை. கடைசிப் பந்தைப் பற்றிச் சொன்ன வார்த்தையில் அவன் சரியாகத்தான் இருந்தான், அதை இப்போது அவனை வெட்டியவனே சொல்லிவிட்டான்.

"நீ என் தம்பியக் கொன்னவன்," என்றாள். "அது மாறாது. நான் சாகற வரைக்கும் மாறாது. ஷாமினிக்கு நீ மாமன். அதுவும் மாறாது. நாளைக்குக் காலையில ஓலை வெட்டணும், வந்துரு."

மறுநாள் அவன் வந்தபோது இரண்டு லயமும் வெளியே நின்றது. யாரும் அவனை வா என்று சொல்லவில்லை, யாரும் போ என்றும் சொல்லவில்லை. கால்வாய்க்கரைத் தென்னைகள் உயரமானவை, கம்பில் கட்டிய அரிவாள் இல்லாமல் ஓலைக்கு வழியில்லை. அப்போதுதான் எல்லாருக்கும் அந்த யோசனை வந்தது. மாமன் தன் கையால் வெட்ட வேண்டும். அப்படியானால் அவன் கையில் அரிவாள் கொடுக்க வேண்டும். யார் கொடுப்பது? முருகையா வானத்தைப் பார்த்தார். மகேந்திரன் இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என்னால ஆவாது அக்கா என்று முனகினான். எட்டு வருஷமாக அவன் வெங்காயம் நறுக்கக்கூடக் கத்தியைத் தொட்டதில்லை என்று மயிலம்மாள் பிற்பாடு சொன்னாள்.

பஞ்சாலை வீட்டுக்குப் பின்னால் போய், ஒன்பதாம் நம்பர் காட்டில் தினமும் அவள் தூக்குகிற தன்னுடைய கம்பையே எடுத்து வந்தாள். அரிவாளை முதல் நாளே சாணை பிடித்து வைத்திருந்தாள். கம்பை அவன் கையில் வைத்தாள். அவன் விரல்கள் மூடவில்லை, அவளே ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். பிறகு அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வாசலில் நின்ற திலகாவைப் பார்த்தாள். பஞ்சாலைக்கு முதுகு முழுக்கக் கூசியது. தம்பிக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா, அவனுக்கு யோசிக்க நேரம் இருந்ததா என்று நினைத்தாள். பின்னால் மகேந்திரன் தேம்பி அழுகிற சத்தம் கேட்டது. கம்பைத் தூக்க முடியாமல் அவன் தள்ளாடுகிற சத்தமும் கேட்டது. அவள் திரும்பி அவன் கைக்கு மேல் தன் கையை வைத்துக் கம்பை நிமிர்த்தினாள். முதல் ஓலையை இரண்டு பேரும் சேர்ந்து வெட்டினார்கள். இரண்டாவதிலிருந்து அவனே வெட்டினான். ஏழாவது ஓலை விழும்போது, நாள் முழுக்கச் சுமந்த குலையைத் தளத்தில் இறக்கி வைத்ததைப் போல அவள் தோள் லேசானது. திலகா எட்டு வருஷத்து அழுகையையும் சேர்த்து அங்கேயே நின்று சத்தம் போட்டு அழுதாள், புருஷனுக்கா அண்ணனுக்கா என்று பிரித்துப் பார்க்காமல் அழுதாள். மயிலம்மாள் மரப்பாலத்தைத் தாண்டி வந்து மகளைப் பிடித்துக்கொண்டாள்.

மகேந்திரன் அன்று பொழுது சாயும்வரை குச்சு கட்டினான். கட்டக் கட்ட அது உயர்ந்துகொண்டே போனதைப் பார்த்து முருகையா கிட்டே வந்தார். குச்சு என்றால் ஐந்தடி, மிஞ்சினால் ஆறடி, இது எதற்கு இவ்வளவு என்றார். அத்தைதானே உள்ளே வந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றான் அவன். அவ அரிவாளக் குடுத்தப்பவே மன்னிச்சிட்டாடா, பதினாறு நாளுல பழைய பஞ்சாலை ஆயிருவா, இவ்ளோ பெரிய வாசல் அன்னிக்கு அசிங்கமா நிக்கும் லா என்று முருகையா விளக்கினார். மகேந்திரன் ஓலை முடைவதை நிறுத்தவில்லை.

"நான் அக்கா உயரத்துக்குத்தான் கட்டுவேன்," என்றான்.

வாசல் மட்டும் ஒன்பது அடி வந்தது. அந்தத் தோட்டத்தில் அவ்வளவு பெரிய வாசல் பெரிய துரை பங்களாவில்கூட இருந்ததில்லை.

பதினாறு நாளும் தோட்டம் வேறு எதையும் பேசவில்லை. முருகையா ஆபீசிலிருந்து அளவு நாடாவைக் கொண்டு வந்து தினமும் பெரட்டுக்கு முன்னால் அவளை அளந்தார். நாலாம் நாள் கண்ணில் கவலை, ஏழாம் நாள் குழப்பம். பஞ்சாலையும் ஒவ்வொரு காலையும் கண் விழித்ததும் காலை நீட்டிச் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். திலகா பழைய அளவில் ஒரு சேலையைத் துவைத்து மடித்து எதற்கும் இருக்கட்டும் என்று தயாராக வைத்திருந்தாள். மகேந்திரனை நினைத்தால் பஞ்சாலைக்கு இப்போதும் வலித்தது, ஆனால் அந்த வலியில் அவள் வளரவில்லை. தம்பி முன்னைவிடக் கிட்டே இருந்தான். கோபத்துக்கு அந்தப் பக்கம் மறைந்திருந்த அவனுடைய சின்ன வயசெல்லாம் திரும்ப வந்தது, மாங்காய்க்கு உப்பு கேட்டு அழுதது, முதல் சம்பளத்தில் அவளுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கி வந்து அது அளவு பெரிதாகிப் போனது. பன்னிரண்டாம் நாள் ஒன்பதாம் நம்பர் காட்டில் தனியாக நின்று அவனை நினைத்து வாய்விட்டுச் சிரித்தாள். அன்றைக்கும் நாடா எட்டடி ஒன்பது அங்குலம் காட்டியது.

பதினாறாம் நாள் காலை சொந்தமெல்லாம் வந்து கூடியது. கல்யாணம் ஆகாத அத்தை குச்சுக்குள் போகலாமா என்று கிழவிகள் இரண்டு பேர் கேட்டார்கள். பஞ்சாலை அவர்களை மேலிருந்து பார்த்ததும் போகலாம் என்று அவர்களே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். திலகா புதிதாக ஒட்டுத் தைத்த அரக்குப் பட்டுச் சேலையைக் கட்டிவிட்டாள். மகேந்திரன் சீர்த்தட்டை ஏந்திக்கொண்டு ஓரமாக நின்றான். முருகையா நாடாவோடு ஓடி வந்து, கடைசியாக ஒரு தடவை அளந்துவிடுகிறேன் என்று கெஞ்சினார். வேணாம் அண்ணே, எனக்குத் தெரியும் என்றாள் பஞ்சாலை. இறங்குவதாக இருந்தால் ஏழாவது ஓலையிலேயே இறங்கியிருப்பாள். அந்த உயரம் மகேந்திரன் கொடுத்ததில்லை, அவன் திருப்பி வாங்கிக்கொள்ளவும் முடியாது.

எட்டு வருஷமாக வாசலைக் கண்டால் மடிந்து பழகிய இடுப்பு, குச்சின் முன்னால் வந்ததும் தானாக மடியப் பார்த்தது. அவள் அதை மடிய விடவில்லை. நேராக நடந்தாள். காய்ந்து மஞ்சள் பூத்த ஓலை நுனி அவள் கொண்டையை லேசாகத் தொட்டது. உள்ளே ஷாமினி அண்ணாந்து பார்த்து, அத்தை நீங்க குனியவே இல்ல என்றாள். ஆமா, எந்திரி என்று பஞ்சாலை கையை நீட்டினாள். பெண்ணைக் கைப்பிடித்து வெளியே கூட்டி வந்தபோதும் அவள் குனியவில்லை. மாமன் சேலையைப் போர்த்தினான், மேளக்காரர்கள் அடித்தார்கள், மேல் லயமும் கீழ் லயமும் ஒரே பந்தலில் உட்கார்ந்து ஆட்டுக்கறி சாப்பிட்டது. திங்கட்கிழமை ஒன்பதாம் நம்பர் காட்டில் வேலை இருந்தது, பஞ்சாலை தன் கம்பை எடுத்துக்கொண்டு போனாள்.